சந்தனப் பழுபாகலுக்கு ஒரு ஆண் கொடி

ஜூன் 1, ஞாயிறு

ஈரோட்டில் நகைக்கடையைவிடப் பொறாமை அதிகம் புழங்கும் இடம் எங்கள் 'மரபு மாடி' வாட்ஸப் குழுதான். மாடித்தோட்டம் போட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். காலை வணக்கத்துக்குப் பதில் காயைக் காட்டுவார்கள். யாரிடம் அரிய நாட்டு ரகம் இருக்கிறதோ அவர் பெரிய மனுஷர். இன்று சூரம்பட்டி விசாலாட்சி, முழ நீளச் சிறகவரையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படம் அனுப்பியிருந்தாள். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். போட்ட விரல் இன்னும் வலிக்கிறது.

என் மாடியில் வெண்டை, கத்தரி, கொஞ்சம் புதினா. எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். போன வருஷம் 'அரிய கறுப்புத் தக்காளி' என்று கூரியரில் விதை வரவழைத்தேன். நாலு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த பிறகு அது வெட்கமில்லாமல் சிவப்பாகப் பழுத்தது. என் வீட்டுக்காரர் நல்லசிவம் ஜமுக்காளக் கடை வைத்திருக்கிறார், பேச்சைக்கூட முழம் போட்டுத்தான் தருவார். ரசத்தை உறிஞ்சிவிட்டு, "அரிய தக்காளியும் புளிக்கத்தான் செய்யுது" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் விதைத் திருநாள். புது ரகம் கண்டுபிடித்து வளர்த்தவருக்கு மேடை, மைக், பொன்னாடை, 'விதைக் காவலர்' பட்டம். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இதுவரை ஒரே ஒரு முறைதான் மேடை ஏறியிருக்கிறேன், என் கல்யாணத்தில். அன்றைக்கு மைக் தரவில்லை.

ஜூன் 4, புதன்

குழுத் தலைவர் தங்கமுத்து ஐயாவுக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் பூச்சிமருந்துக் கடை நடத்தியவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இயற்கைக்கு வந்துவிட்டார். மருந்து இன்னும் விற்கிறது. ஆனால் ஐயா விற்பதில்லை.

"ரகம் புதுசா இருந்தாப் பத்தாதுங்க சாந்தாமணி. சுத்தமா இருக்கோணும். கலப்பே கூடாது. தாய் ஆரு, தகப்பன் ஆருன்னு தெரியோணும்."

"இதெல்லாம் ஒரு காய்க்குங்களா?"

"காய்க்குத்தான்."

ஜூன் 9, திங்கள்

கிடைத்துவிட்டது! சத்தியமங்கலத்துக்கு இரண்டு தரம் போய் ஒரு முறமும் ஒரு பலாப்பழமும்தான் வாங்கி வந்திருந்தேன். இன்று அந்தியூர் சந்தையில், ஒரு மலைக்காரம்மா சாக்கில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார். பழுபாகல். பாகல் இனம்தான், ஆனால் கசக்காது. உருண்டையாக, மேலெல்லாம் மெத்து முள்ளோடு இருக்கும். சாதாரணமாகப் பச்சை. இது சந்தன நிறம்!

"இது விக்கறதுக்கில்லீங்க, எங்கூட்டுக் கொழம்புக்கு" என்றார்.

கெஞ்சினேன். இந்தக் கொடி கிழங்கிலிருந்து வருவது. சாக்கின் அடியில் மூன்று கிழங்கு இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். இப்படி ஒன்று என் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. அந்தம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பஸ்காரன் ஆரன் அடித்தான். நான் ஓடிவிட்டேன்.

ஜூன் 21, சனி

ஒரு கிழங்கு அழுகிவிட்டது. அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மற்ற இரண்டும் முளை விட்டிருக்கின்றன. மாவு அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் போய்விட்டது.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு கொடியும் பந்தலைப் பிடித்துவிட்டன. ஒன்று மஞ்சள் பூவாகப் பூத்துத் தள்ளுகிறது, பூவுக்கு அடியில் ஒன்றுமில்லை. இன்னொன்று எண்ணிப் பூக்கிறது. ஆனால் ஒவ்வொரு பூவுக்கும் அடியில் குட்டியாக ஒரு பாகல் உட்கார்ந்திருக்கிறது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். விசாலாட்சி கைதட்டவில்லை. அதைவிடப் பெரிய கைதட்டல் உண்டா?

என் மகள் கவின்மலர் மாடிக்கு வந்து பார்த்தாள். இருபத்தாறு வயது, ஆடிட்டர் ஆபீஸில் வேலை. போனில் யாருக்கோ படம் அனுப்பிவிட்டுச் சிரித்தாள். தோட்டத்தில் இவளுக்கு அக்கறை வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஜூலை 14, திங்கள்

தங்கமுத்து ஐயா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "காய் புடிக்காத கொடி தண்டங்க. காய்க்கற கொடியோட சத்தை உறிஞ்சிப் போடும். கெழங்கோட புடுங்கி வீசுங்க."

பிடுங்கி வீசினேன். குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது. இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

குட்டிப் பாகல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. வேப்பம் புண்ணாக்கு போட்டேன், மோர் தெளித்தேன், குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்தேன்.

சாயங்காலம் கவின் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, பழுபாகல்ல ஆண் கொடி தனி, பொண்ணுக் கொடி தனி. நீங்க புடுங்கினது ஆண் கொடி. அது பூ இல்லாம இது எப்படிக் காய் புடிக்கும்?"

"உனக்கு ஆரு சொன்னது?"

"ஆபீஸ்ல ஒருத்தங்க."

குழுவைத் திறந்து பார்த்தேன். தங்கமுத்து ஐயாவின் குரல் பதிவு இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

அந்தியூருக்குப் போன் போட்டு விசாரிக்க அந்த மலைக்காரம்மாவின் பெயர்கூடத் தெரியாது. குழுவில் கேட்டேன். யாரிடமும் ஆண் கொடி இல்லை. எல்லாருமே காய்க்காதது என்று பிடுங்கியவர்கள்தான் போலிருக்கிறது.

"ஆபீஸ்ல ஒருத்தங்க வீட்ல இருக்குதும்மா" என்றாள் கவின். "பூ பொழுது சாயத்தான் விரியும். நான் போயி வாங்கிட்டு வந்தர்றேன். வண்டில பத்து நிமிஷம்."

என் மகள் ரத்தினம்.

ஜூலை 22, செவ்வாய்

தினமும் சாயங்காலம் சின்ன டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து ஆண் பூவைக் கொண்டுவருகிறாள். நான் அதைப் பெண் பூவின் மேல் தடவுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. இந்த வயதில் நான் பார்க்கிற உத்தியோகம்! உதிர்வது நின்றுவிட்டது.

ஒரு பாகல் பூ வாங்கப் போவதற்கு இவள் தலைக்குக் குளித்துப் புதுச் சுடிதார் போடுகிறாள். பத்து நிமிஷ வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பெருந்துறை ரோட்டில் அவ்வளவு நெரிசல்.

ஜூலை 27, ஞாயிறு

கவினுக்குக் காய்ச்சல். பூ வாங்க நானே போனேன். ரயில்வே காலனி தாண்டி, சின்ன வீடு, கண்ணாடி மாதிரி துடைத்த தரை. வீட்டுக்கார அம்மா குணவதி, அரசுப் பள்ளி டீச்சர், என் வயதுதான். கணவர் இல்லை. ஒரே மகன் இனியன், கவின் ஆபீஸ்தான். அந்த 'ஒருத்தங்க' இவர்தான் என்று தெரிந்தது. நல்ல உயரம். மொட்டை மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறிப் பூவைப் பறித்து வந்தார்.

"கவினுக்குக் காச்சல் எறங்கிருச்சுங்களா? ஜிம்மிய நைட்டு அவ ரூமுக்குள்ள விடாதீங்க, மேலே ஏறிப் படுத்துக்குமாமே" என்றார்.

எங்கள் நாயின் பெயர் ஜிம்மி. ஆபீஸில் எதைத்தான் பேசமாட்டார்கள்!

கூடத்துச் சுவரில் நீலக் கோட்டும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் படம் மாட்டியிருந்தது. படத்தைப் பார்த்ததும் அவர்கள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை இங்கே எழுதப்போவதில்லை. நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை.

"காப்பி குடிங்க" என்றார் டீச்சர்.

"சர்க்கரை இருக்குதுங்க எனக்கு."

"சர்க்கரை போடாமத் தர்றேன்."

"வயிறு சேரியில்லீங்க."

"தண்ணியாச்சும்?"

"இப்பத்தான் குடிச்சுட்டு வந்தனுங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே செம்பை உள்ளே கொண்டுபோய்விட்டார். நல்ல மனுஷி. நல்ல புழுக்கம். பஸ் ஸ்டாப்பில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஒன்பது காய் பிடித்திருக்கிறது! இளஞ்சந்தன நிறம். காவிரியில் ஒரே கூட்டம் என்று வீட்டுக் குழாயடியிலேயே சாமி கும்பிட்டோம்.

மத்தியானம் மூத்தார் கந்தப்பன் வந்தார். இவருடைய அண்ணன். விதைத் திருநாளுக்கு மண்டபமும் சாப்பாடும் அவர் உபயம். கையில் ஒரு ஜாதகம். காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் வீட்டுப் பையன்.

"சுத்தமான குடும்பம், சாந்தாமணி. கலப்பே கெடையாது. ஏழு தலைமொறைக்குத் தாய் ஆரு, தகப்பன் ஆருன்னு விரல் உட்டு எண்ணீரலாம்."

இதே வாசகத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். தங்கமுத்து ஐயா, ஜூன் மாதம், காய் ரகத்துக்கு.

அவர் போன பிறகு கவின் சமையலறைக்கு வந்தாள். "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்மா. நான் இனியனைத்தான் கட்டிக்குவேன். ரெண்டு வருஷமாச்சு."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கொடிக்குத் தண்ணீர் விட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பூ வாங்கப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு யாராக இருந்தாலும் ஒன்றுதான். மூத்தார் என்ன சொல்வார், சொந்தபந்தம் என்ன சொல்லும், இவருடைய கடை வாசலில் நின்று நாலு பேர் என்ன பேசுவார்கள், அதற்காகத்தான். நான் நானாக இருந்தால் சம்மதித்திருப்பேன். துரதிர்ஷ்டம், நான் இந்த வீட்டு மருமகளாக இருக்கிறேன்.

கவின் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். "இருபது நாளா அந்த வீட்டுப் பூ வேணும். அந்த வீடு மட்டும் வேண்டாம். இல்லீங்களாம்மா?"

பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஜிம்மி குரைத்தது, கீழே போய்விட்டேன். குரைக்காவிட்டாலும் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதிய பெண் பூ எல்லாம் உதிர்கிறது. பழைய ஒன்பதும் இருக்கின்றன. திருநாளுக்கு அது போதும்.

கவின் பேசுவதில்லை. இவர் எப்போதுமே பேசுவதில்லை. வீடு நூலகம் மாதிரி இருக்கிறது. ஜிம்மிகூட வாலைச் சத்தமில்லாமல் ஆட்டுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது.

"பையன் எப்படி?" என்றார்.

"நல்ல பையன்தானுங்க. ஆனா..."

"நான் பையனைத்தான் கேட்டேன்."

மோர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விதைத் திருநாள். எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் மூத்தார், வெள்ளை வேட்டியும் புரவலர் பட்டையுமாக. நான் பட்டுப்புடவை. ஒரு பழத்தையும் இரண்டு காயையும் தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு மேடை ஏறினேன். சந்தன நிறத்தைப் பார்த்து மண்டபமே 'ஓ' என்றது. விசாலாட்சியின் முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டேன். பார்க்கவேண்டிய மாதிரியே இருந்தது.

தங்கமுத்து ஐயா மைக்கைப் பிடித்தார். "தாய்க் கொடி அந்தியூர் மலைக்கெழங்கு. சேரி. ஆண் பூ எங்கிருந்துங்க வாங்கினீங்க?"

"ரயில்வே காலனிக்கு அந்தாண்ட, ஒரு டீச்சர் வீட்லிருந்துங்க."

"அந்தக் கொடியும் சந்தனந்தானுங்களா?"

"ஆண் கொடி காய்க்காதுங்களே. நெறத்தை எங்கிருந்து பாக்கறது?"

கூட்டம் சிரித்தது. ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதுக்குத்தானுங்க ஊடு தெரியோணுங்கறது. ஆரு ஊட்டுக் கொடி? நம்மவிகதானுங்களே?"

பாகலுக்கு நம்மவிக! ஆண் கொடியைக் கிழங்கோடு பிடுங்கச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் குரல் பதிவை அழித்த வாய் இது. எனக்குப் பெரிய கொள்கையெல்லாம் வந்துவிடவில்லை. வந்தது கோபம். கோபத்தில் நான் புடவைக் கடையில்கூட வேண்டாததை வாங்கி வந்திருக்கிறேன். மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"எங்க சம்பந்தி ஊட்டுக் கொடிங்க" என்றேன்.

ரயில்வே காலனிக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று மண்டபத்துக்கே தெரியும். மூத்தார் எழுந்து வெளியே போனார். பொன்னாடை தட்டிலேயே இருந்தது. 'பரிசீலிச்சுச் சொல்றோம்' என்றார்கள். கடைசி வரிசையில் கவின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தட்டிய ஒரே ஜோடிக் கை விசாலாட்சியுடையது. சண்டை பார்க்கக் கிடைத்த சந்தோஷம் என்று நினைக்கிறேன். இருந்தாலும் தட்டினாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் போன். "சாந்தாமணிங்களா? குணவதி பேசறேன்."

நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். 'அதெல்லாம் எதுக்குங்க டீச்சர்' என்று பெருந்தன்மையாகச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நேத்து மைக்குல என்னைச் சம்பந்தின்னீங்களாமா. ஆரைக் கேட்டுச் சொன்னீங்க?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்க பொண்ணு தங்கம். அவளப் பத்தி ஒரு சொல் இல்லீங்க. ஆனா எங்கூட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிக்க யோசிச்சவங்க நீங்க. சர்க்கரைங்க, வயிறுங்க... நான் முப்பது வருஷமா டீச்சருங்க. வீட்டுப்பாடம் செய்யாத பசங்க சொல்ற காரணம் எனக்குத் தெரியாதுங்களா?"

"டீச்சர்..."

"இருங்க. நான் ஒத்தப் பையனை வெச்சிருக்கறவ. பேப்பர்ல என்னென்ன வருதுன்னு உங்களுக்கும் தெரியும். நீங்க மைக்குல ஒரு வார்த்தைய வீசிட்டுப் போயித் தூங்கிட்டீங்க. நேத்து ராத்திரி பூரா நான் கதவைத் தாப்பாப் போட்டுட்டு அவன் ரூம் வாசல்ல உக்காந்திருந்தேன். பொண்ணெடுக்க நான் சரின்னு சொல்லலீங்க."

வைத்துவிட்டார்.

பெண்ணைக் கொடுக்கலாமா என்று இருபது நாள் நான் யோசித்தேனே, வாங்கிக்கொள்ள அவர்கள் யோசிப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. எனக்கா தோன்றவில்லை! ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்றுகூட எனக்குத் தோன்றிவிடும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் நாற்காலி போட்டார். ஒன்றும் குடிக்கச் சொல்லவில்லை. நானாக, "கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர்" என்றேன். கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அவர் அதற்காக உருகிவிடவில்லை, டம்ளரை வாங்கி வைத்தார்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், பையன் மேல ஒரு துரும்பு பட விடமாட்டேன். நான் முன்னால நிக்கறனுங்க."

"நீங்க நிக்க வேண்டாங்க. உக்காருங்க" என்றார் டீச்சர். "ஞாயித்துக்கெழமை எங்காளுக பத்திருபது பேரோட வர்றோம். பொண்ணு பாக்க. உங்கூட்ல சாப்பாடு. வாசக் கதவு தொறந்திருக்கோணும். நீங்க ரெண்டு பேரும் எங்ககூட ஒரே பந்தில உக்காந்து சாப்பிடோணும். தெருவே பாக்கோணும். ஒளிச்சு வெச்சுச் செய்யற கல்யாணத்துலதானுங்க பசங்க உசுரு போகுது."

இவர் என்னைப் பார்த்தார். பந்தலில் மிச்சம் ஆறு காய், வரப்போவது பத்திருபது பேர் என்ற கணக்கில் இருந்தேன். தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 30, சனி

விதைக்கு என்று பழுக்க விட்டிருந்ததைத் தவிர எல்லாவற்றையும் பறித்தேன். பிறகு மாடியில் நின்று யோசித்து அதையும் பறித்தேன். குழுவில் 'தந்தைவழி உறுதியாகாததால் பட்டம் நிறுத்திவைப்பு' என்று அறிவித்திருந்தார்கள். கீழே யாரோ கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். விசாலாட்சி இல்லை, அவள் எனக்குத் தனியாக, 'நாளைக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வரட்டுமாக்கா?' என்று அனுப்பியிருந்தாள். வேடிக்கை பார்க்கத்தான். வரட்டும். தேங்காய் துருவ ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலிருந்து ஓயாத வேலை. விசாலாட்சி தேங்காய் துருவுகிறாள், வாயும் துருவுகிறது. பாகல் பொரியலுக்குப் பத்தாததால் உருளைக்கிழங்கைச் சேர்த்துவிட்டேன். கலப்புத்தான். ருசி பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.

வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, ஆடாமல் இருக்க அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்திருக்கிறார் இவர். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள். கவின் மாம்பழ நிறப் புடவையில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறாள், ஜிம்மி பின்னாலேயே.

பதினோரு மணிக்கு மூத்தார் போன் செய்தார். இவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அந்த ஆளுக உக்கார்ற பந்தில எனக்கு எலை போடாதடா நல்லசிவம். சொல்லிட்டேன்."

கவின் நடப்பதை நிறுத்தினாள். விசாலாட்சியின் துருவல் சத்தம்கூட நின்றுவிட்டது. இவர் அந்தப் போனை ஜமுக்காளத்தில் இழை பிசகிய இடத்தைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்லீண்ணா, எலை போட்டாச்சு" என்றார். "நீ வராட்டி அதுல மாப்பிள்ளையோட சித்தப்பா உக்காருவாரு."

தெருமுனையில் வேன் திரும்புகிற சத்தம் கேட்கிறது.